முதலாளி சாப்பிடவில்லை

காலையில் வைத்த மீன் வைத்தபடியே கிடந்தது. தட்டில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. முதலாளி என்னவோ, அந்தத் தட்டுக்கும் தனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல சன்னலோரம் படுத்துத் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நேற்றும் இப்படித்தான். அதற்கு முந்தைய நாள் மோந்து பார்க்கிற மரியாதையாவது காட்டியது.

முதலாளி என்பது அவள் கணவர் பூனைக்கு வைத்த பெயர். "இந்த வீட்ல எல்லாரும் வேலை பார்க்கிறோம். சாப்பிட்டுட்டுக் குறை சொல்றது இது ஒண்ணுதான்" என்பார். அவர் போய்ச்சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டில் இப்போது அவளும் நாத்தனாரும் பூனையும்தான். அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. நாத்தனாருக்கு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை. நாளெல்லாம் ஊரார் அத்தனை பேரிடமும் தேனாகப் பேசிவிட்டு வந்து, வீட்டில் வாயைத் திறக்கமாட்டாள். சண்டை என்று ஒன்று நடந்ததாகவே இவளுக்கு நினைவில்லை. பேச்சு மெல்ல மெல்ல வற்றிப்போனது. நாத்தனார் தனியாகச் சமைத்துக்கொள்ளத் தொடங்கினாள். ஏன் என்று கேட்க இவளுக்கு ரோஷம் விடவில்லை.

ஆனால் பூனை பட்டினி கிடக்கிறபோது ரோஷம் பார்த்து என்ன செய்வது? நாத்தனாரின் அறைக் கதவைத் தட்டினாள்.

"முதலாளி மூணு நாளா ஒண்ணும் தொடல. டாக்டர்கிட்ட காட்டணும். தனியாப் பிடிக்க முடியாது."

"துண்டும் கூடையும் எடுத்துட்டு வரேன்" என்றாள் நாத்தனார்.

இரண்டு தெரு தள்ளி இருந்த கால்நடை மருத்துவர், கல்லூரிப் பெண்போல இருந்தார். பூனையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார். முதலாளி எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தது. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. இதே கைகளை நல்ல நாளில் கிழித்திருக்கும்.

"யாரு சாப்பாடு வைக்கிறது?"

"நான்தான்" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கடைக்குக் கிளம்பும் முன் வைப்பாள். அவள் போனபிறகு, பூனைக்கு யாரும் வைக்கவில்லை என்று நினைத்து நாத்தனாரும் வைத்திருக்கிறாள். அப்படியானால் இத்தனை நாளும் இரண்டு பங்கையும் சாப்பிட்ட பூனை, இப்போது இரண்டையும் வேண்டாம் என்கிறது.

"உடம்புல ஒண்ணும் தெரியல. வீட்ல ஏதாவது மாறியிருக்கா? புது ஆள், சாமான் இடம் மாத்தினது, இந்த மாதிரி?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள், அடித்துச் சொல்கிற குரலில்.

நாத்தனார் துண்டை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "நான் வேற வீடு பார்த்திருக்கேன் டாக்டர். ரூம்ல சாமானெல்லாம் கட்டிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

மருத்துவர் ஒரு நிமிடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "தண்ணி குடிக்குதான்னு கவனிங்க. நாளைக்கும் சாப்பிடலைன்னா கூட்டிட்டு வாங்க" என்று முடித்துக்கொண்டார்.

திரும்பும்போது கூடையின் ஒரு காதை அவளும் மற்றொன்றை நாத்தனாரும் பிடித்திருந்தார்கள். நாத்தனார் போனால் நிம்மதி என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். இப்போது அந்த நிம்மதியைத் தேடினால் கிடைக்கவில்லை. அதற்குப் பதில் வந்தது கோபமா, என்னவென்றே தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல அண்ணி."

"இங்க உனக்கு என்ன குறை வெச்சேன்?"

நாத்தனார் நடந்துகொண்டேதான் சொன்னாள். "அண்ணன் போய், வந்தவங்க எல்லாரும் கிளம்பின அன்னிக்கு அடுப்படியில நின்னு சொன்னீங்களே, 'இனிமே இந்த வீட்ல நான் யாருக்குச் சமைக்கிறது'ன்னு. நான் உள்ளதான் இருந்தேன்."

அவள் நின்றுவிட்டாள். கூடை சாய, உள்ளே முதலாளி கத்தியது. அப்படிச் சொன்னோமா? சொல்லியிருக்கலாம். யாரிடம், சுவரிடமா? உன்னைச் சொல்லவில்லையம்மா என்று நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் நாத்தனார் ஒருத்தி வீட்டில் இருக்கிற நினைவே தனக்கு வரவில்லை என்பதும் உண்மை. இதைச் சொன்னால் ஆறுதலா, இன்னும் மோசமா?

"அன்னிக்கு எனக்குப் புத்தி புத்தியா இல்லம்மா" என்றாள் கடைசியில்.

நாத்தனார் கூடையின் காதை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதலாளி நேரே கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது. அவள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, மீனைப் புதிதாக வேகவைத்து மசித்து எடுத்துவந்து, தரையில் குப்புறப் படுத்துத் தட்டை உள்ளே தள்ளினாள். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் நாத்தனாரும் பக்கத்தில் வந்து படுத்தாள். மீன்சாற்றில் விரலைத் தோய்த்து நீட்டினாள்.

முதலாளி அந்த விரலைப் பார்த்தது. ஒருமுறை நக்கியது. இன்னொருமுறை. பிறகு நிறுத்திவிட்டு இருவரையும் உற்றுப் பார்த்தது.

"சாப்பிடுதா?" என்றாள் அவள் கிசுகிசுப்பாக.

"தெரியல அண்ணி. அசையாதீங்க."

அடுக்களையில் பால் பொங்கி அடுப்பில் வழிகிற சத்தம் கேட்டது. தீய்ந்த வாடை அறைக்குள் வந்தது. இருவரும் எழுந்திருக்கவில்லை.