ஒதுக்கி வைத்த இருநூற்றைம்பத்தாறு

சர்வர் அக்காவுக்குக் கோபம் வந்தால் வாய் பேசாது, கை பேசும். அவள் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் இந்த வாரம் மட்டும் இரண்டு கீபோர்டு பாழ்.

எல்லாம் மிச்சத்தால் வந்த வினை. மிச்சம் என்பது அவர்களுடைய மேனேஜர். எதைப் பார்த்தாலும் இதில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாமே என்பவருக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? பரிசோதனை முடிவுகளை வார்டுகளுக்கு அனுப்பும் பழைய சர்வரில் 256 எம்.பி. மெமரி சும்மா கிடக்கிறது என்று யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள். அது சும்மா கிடக்கவில்லை. சர்வரின் உயிரான கர்னல் என்ற புரோகிராம் திடீரென்று விழுந்தால், செத்தது தன் சாவுக்குக் காரணம் எழுதாது. ஒதுக்கிய அந்த இடத்தில் காத்திருக்கும் குட்டிக் கர்னல்தான் எழுந்து, கடைசி நொடியில் மெமரியில் இருந்ததை எல்லாம் ஒரு ஃபைலாக எழுதி வைக்கும். அக்கா படித்துப் படித்துச் சொன்னாள். மிச்சம் கேட்டால்தானே! காத்திருப்போர் கூடத்தில் டோக்கன் எண் காட்டும் புதுத் திரையையும் அதே சர்வரில் மாட்டி, அதற்கு அந்த இடத்தைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

திங்கட்கிழமை சர்வர் விழுந்தது. தானே எழுந்தும் கொண்டது. ஏன் விழுந்தது என்று சொல்ல ஒரு துப்பும் இல்லை. மிச்சம் உடனே மீசைக்காரர் தலையில் பழியைக் கட்டினார். ரத்தப் பரிசோதனைக் கருவியைச் சர்வரோடு இணைக்கும் டிரைவர் என்ற புரோகிராமை எழுதியவர் அவர்தான். பதினோரு வருடத்தில் யாரிடமும் ஒரு சொல் கேட்டறியாத மனுஷன்.

அக்கா யாரையும் கேட்காமல், 256-ஐ ஒதுக்கி வை என்று சர்வருக்குச் சொல்லும் வரியைத் திரும்ப எழுதினாள். இன்னொரு தடவை விழட்டும், கையும் களவுமாகப் பிடித்துத் தருகிறேன் என்று மீசைக்காரருக்கு வாக்கும் கொடுத்தாள்.

புதன்கிழமை விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஃபைல் இல்லை. அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தைச் சர்வர் எழும்போதே ஒதுக்க வேண்டும். வரியை எழுதியவள் சர்வரை ஒருமுறை அணைத்து எழுப்பவில்லை, ரீபூட் கொடுக்கவில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு அவளே வாய் கிழியச் சொல்லும் பாடம்! கோபம் கண்ணை மறைத்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது விழுந்து எழுந்ததில் இடம் தானாக ஒதுங்கிவிட்டது; அடுத்த முறை தப்பாது. ஆனால் மிச்சம் அதற்குள், என் டிரைவரின் பிழையே காரணம், வேலையிலிருந்து விலகுகிறேன் என்று மீசைக்காரர் பேரில் கடிதம் அடித்து வைத்துவிட்டார். அக்கா தன் தப்பை மீசைக்காரரிடம் ஒளிக்காமல் சொன்னாள். கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினாள்.

"விழும் விழும்னு எத்தனை நாள்மா காத்திருக்கிறது? பார்க்கிறவங்க எல்லாம் என்னைக் கொலைகாரன் மாதிரி பார்க்கிறாங்க," என்றார் அவர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பதினொன்றரைக்குச் சர்வர் விழுந்தது.

இந்த முறை ஃபைல் இருந்தது. கர்னலை விழவைத்தது மீசைக்காரரின் டிரைவர் இல்லை, டோக்கன் திரையின் டிரைவர். எதற்காக 256-ஐப் பிடுங்கினார்களோ அதுவேதான் காலை வாரியிருந்தது. அக்கா அதை அச்செடுத்து மிச்சத்தின் மேஜையில் அறைந்தாள்.

அவர் கண்ணாடி போட்டு நிதானமாகப் படித்தார். மீசைக்காரர்தான் கையெழுத்துப் போட்டுவிட்டாரே, இனிமேல் என்ன செய்வது என்றார். பிறகு, "காரணம்தான் தெரிஞ்சுபோச்சே. அந்த 256-ஐ இனி எடுத்துடலாம்ல?" என்று கேட்டார்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் இடத்துக்குப் போய் டைரக்டருக்கு எழுத ஆரம்பித்தாள். இடத்தை எடுக்கச் சொன்னவர் மேனேஜர். திரும்ப வைத்துவிட்டு ரீபூட் கொடுக்க மறந்தவள் நான். கொடுத்திருந்தால் இந்த ஆதாரம் புதன்கிழமையே கிடைத்திருக்கும். எங்கள் இரண்டு பேருடைய தப்புக்கு மூன்றாவது ஆள் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள். வேண்டுமானால் என் பேரில் ஒன்று அடியுங்கள்.

மிச்சம் பின்னால் வந்து நின்று படித்தார். முகம் வெளிறியது.

"இதை அனுப்பினா உங்க வேலையும் போயிடும்."

"போகட்டும் சார்," என்றாள். அனுப்பும் பொத்தானை ஓங்கி ஒரு அடி அடித்தாள். கடிதம் போனது. மூன்றாவது கீபோர்டும் போனது.