பெயர் எழுத வேண்டாம்

அந்த மருத்துவமனையில் அவளைச் ‘சோப்பு’ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆண்கள் வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். நோயாளியைத் தொடுவதற்கு முன் ஒருமுறை கை கழுவுவாள், தொட்ட பின் ஒருமுறை, அவருடைய கட்டில் கம்பியில் விரல் பட்டால்கூட இன்னொருமுறை. நல்ல காலத்தில் அது கிண்டல் பெயர். சாப்பாட்டு அறைக்குள் அவள் நுழைந்தால், சோப்பு வருகிறாள், உப்பை ஒளித்து வை, அதையும் கழுவிவிடுவாள் என்று சிரிப்பார்கள். பெருந்தொற்று வந்ததும் சிரித்த அதே வாய்கள், மாஸ்க்கை முதலில் கழற்றுவதா கடைசியில் கழற்றுவதா என்று அவளிடம்தான் கேட்டு வந்தன. கடைசியில்தான். முதலில் கையுறை, அப்புறம் அங்கி, அப்புறம் கண்ணாடி, எல்லாவற்றுக்கும் பிறகு மாஸ்க். நடுநடுவே கை. பாதி மருத்துவமனைக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். ஆனால் ‘தொற்றுத் தடுப்பு சிஸ்டர்’ என்ற பதவியும் தனி அறையும் அண்ணிக்குப் போயின.

அதில் அவளுக்குத் துளியும் வருத்தமில்லை. ஏனென்றால் அண்ணி அவளாகத் தேடிக்கொண்டுவந்த அண்ணி. நர்சிங் பள்ளி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, ஒரே வாளி, பரீட்சைக்கு ஒரே நோட்டு. ‘வாடி, போடி’ என்று பழகியவளைத் தன் அண்ணனுக்குப் பேசி முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து வாய் தவறாமல் ‘அண்ணி’ என்று கூப்பிட்டாள். வேலையிடத்தில் பத்துப் பேர் முன்னால் மட்டும் ‘சிஸ்டர்’. கதவைச் சாத்தினால் அண்ணிதான்.

பத்தாம் தேதி மத்தியானம் அண்ணி தன் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் வார்டுக்கு வந்தாள். சோப்பும் அவளும் ஆறடி தள்ளி, ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துச் சாப்பிட்டார்கள். மறுநாள் எல்லா நர்ஸுகளுக்கும் ஒரு கேள்வித்தாள் வரப்போகிறது என்றாள் அண்ணி. தொற்றுத் தடுப்பு பற்றி என்ன தெரியும், தெரிந்ததை எந்த அளவுக்குச் செய்கிறீர்கள் என்று நாற்பது கேள்வி. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ‘எப்போதும்’ என்று டிக் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் மேலே போய்க் கையுறை கேட்டால் எல்லாம் சரியாகத்தானே நடக்கிறது என்று திருப்பி அனுப்புவார்கள் என்று அலுத்துக்கொண்டாள்.

“நீயாவது உள்ளதை உள்ளபடி எழுது. பேர் எழுத வேண்டாம். ஒருத்தராவது எழுதினாத்தான் நான் வாய் திறந்து கேட்க முடியும்,” என்றாள்.

சோப்புக்கு அந்த வார்த்தை இனித்தது என்றே சொல்லவேண்டும். மூன்று வாரமாக அவள் மனசுக்குள் ஒரு முள் கிடந்தது. கையுறைப் பெட்டி திங்கட்கிழமை வந்தால் வியாழக்கிழமையே காலி. சானிடைசர் பாட்டிலில் யார் தண்ணீர் ஊற்றினார்களோ, மூக்கருகே கொண்டுபோனால் வாசனையே இல்லை. ஒருவருக்குப் போட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொடுத்த வாய், வியாழன் வந்தால் கப்சிப். சோப்புக்கே இந்தக் கதி என்று யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது சில நாள் அழுதாள்.

மறுநாள் தாள் வந்தது. தெரிந்ததைக் கேட்ட இருபது கேள்விக்கும் கண்ணை மூடிக்கொண்டு பதில் எழுதினாள். செய்வதைக் கேட்ட இருபதில் பதினான்காம் கேள்வி வந்ததும் பேனா நின்றது. ஒவ்வொரு நோயாளிக்கும் கையுறை மாற்றுகிறீர்களா? எப்போதும், பெரும்பாலும், சில நேரங்களில், ஒருபோதும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நாற்பதையும் முடித்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சோப்பு ‘சில நேரங்களில்’ என்பதில் டிக் போட்டாள். அதோடு விட்டாளா? தாளைத் திருப்பி, பின்பக்கம் முழுக்க எழுதினாள். போன வியாழன் கையுறை தீர்ந்துவிட்டது, நான்காம் கட்டிலிலிருந்து ஒன்பதாம் கட்டில் வரை ஒரே ஜோடியோடு போனேன், கையுறை மேலேயே சானிடைசர் தேய்த்துக்கொண்டேன், அது தவறு என்று தெரியும், தெரிந்தே செய்தேன், வேறு வழியில்லை, தயவுசெய்து கையுறை அனுப்புங்கள்.

எழுதி முடித்ததும் மனசு லேசானது. அண்ணி வந்து தாள்களை வாங்கிக்கொண்டு போனாள். போகும்போது சோப்பின் தோளில் கை வைக்கப் போய், தொடக்கூடாது என்று ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். சோப்பு அதற்குக்கூடச் சிரித்தாள்.

பன்னிரண்டாம் தேதி நான்காம் கட்டில்காரருக்குத் தொற்று என்று ரிப்போர்ட் வந்தது. பதினைந்தாம் தேதி ஒன்பதாம் கட்டிலில், கால் எலும்பு முறிந்து படுத்திருந்த தையல்காரருக்குக் காய்ச்சல். மறுநாள் அவரைத் தொற்று வார்டுக்கு மாற்றினார்கள். பத்து நாள் அவர் மூச்சுக்குத் திண்டாடினார். சோப்புக்கு அந்தப் பத்து நாளும் சோறு இறங்கவில்லை. டூட்டி முடிந்தால் தொற்று வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்று, அவருக்கு ஆக்சிஜன் எவ்வளவு ஓடுகிறது என்று உள்ளே இருப்பவர்களிடம் சைகையில் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அவர் பிழைத்தார். பிழைத்ததும் அவருடைய மகள், உடைந்த காலோடு வந்தவருக்கு இந்த நோய் எங்கிருந்து வந்தது என்று இருபத்தாறாம் தேதி புகார் எழுதினாள். நியாயமான கேள்விதான்.

விசாரணைக்கு மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அவர்கள் எதிரே மேஜை மேல் ஒரே ஒரு தாள். தூரத்திலிருந்தே சோப்புக்கு அது தன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. இரட்டை மாஸ்க்குக்கு மேலே அவளுடைய மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கிப்போயிருந்தது. துடைக்கக் கை எடுத்தால் முகத்தைத் தொட்டதாகிவிடும் என்று அப்படியே நின்றாள். அந்த மங்கலிலும், தாளின் மேல்மூலையில் பென்சிலால் எழுதியிருந்த அவளுடைய பணி எண் பெரிதாகத் தெரிந்தது. இருநூற்றுப் பதினேழு. அந்த ஏழுக்கு நடுவே ஒரு குறுக்குக் கோடு. விடுதியில் ஒரே நோட்டில் எழுதிய காலத்திலிருந்து அவள் பார்த்த ஏழு அது.

இதை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். தவறு என்று தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டார்கள். ஆமாம் என்றாள். கையுறை இல்லை என்று அவள் சொல்ல ஆரம்பித்தபோது நடுவிலிருந்தவர் ஒரு கோப்பைப் பிரித்து, சனிக்கிழமை தோறும் தொற்றுத் தடுப்பு சிஸ்டர் கொடுத்த அறிக்கைகளை வாசித்தார். கையுறை, போதுமான அளவு உள்ளது. சானிடைசர், போதுமான அளவு உள்ளது. எல்லாச் சனிக்கிழமையும் போதுமான அளவு உள்ளது. மற்ற நர்ஸுகளின் தாள்களும் அப்படியே சொல்கின்றன, எல்லாரும் எப்போதும் மாற்றுகிறார்களாம், உங்களுக்கு மட்டும் எப்படிக் கிடைக்காமல் போகும் என்று கேட்டார். பொய் சொன்ன நாற்பது பேர் சுத்தமானவர்கள் ஆகிவிட்டார்கள். சோப்பு அழுக்காகிவிட்டாள்.

மறு உத்தரவு வரும்வரை நோயாளிகள் பக்கம் போகக்கூடாது, துணி அறையில் வேலை, கை சுத்தம் பற்றிய பயிற்சியில் தேறினால் வார்டுக்குத் திரும்பலாம் என்றார்கள். இன்னொரு புகார் வந்தால் நர்ஸ் பதிவே போகும். கை சுத்தப் பயிற்சி, அதுவும் அவளுக்கு. இருமல் சத்தத்தை வைத்தே எந்தக் கட்டில் என்று சொல்லக்கூடியவள், துவைத்து வந்த அங்கிகளை நூறு நூறாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தையல்காரரை ஊன்றுகோலோடு வீட்டுக்கு அனுப்பிய அன்று, துணி அறை வாசலில் அவளைப் பார்த்துவிட்டு அவர் நின்றார்.

“ஏம்மா, நீங்க வார்டு பக்கமே வர்றதில்லையாமே? உங்க கை பட்டா ஊசி வலிக்காதுன்னு பக்கத்துக் கட்டில்காரர்கிட்ட சொல்லிட்டிருந்தேன்,” என்றார்.

அவருக்கு ஒன்றும் தெரியாது. அவருடைய நோய் தன் கையிலிருந்து போனதா, வேறெங்கிருந்தாவது வந்ததா என்று அவளுக்கும் தெரியாது. தெரியாமலேதான் சாகவேண்டும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் அங்கிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் அண்ணனும் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணி அழுதாள். விசாரணைக்காரர்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, யாருடையது என்று சொல்லாவிட்டால் உன் வேலை போகும் என்று மிரட்டினார்களாம், இரண்டு நாள் தாக்குப்பிடித்தாளாம், மூன்றாம் நாள் முடியவில்லையாம்.

“அன்னிக்குத்தான் பென்சிலை எடுத்து உன் நம்பரைப் போட்டேன். என் கை எப்படி நடுங்குச்சு தெரியுமா?” என்றாள்.

குடும்பத்துக்குள் இதைப் பெரிதுபடுத்தாதே என்றான் அண்ணன். சோப்பு அரைமனதாகத் தலையாட்டினாள். மிரட்டினால் யாருக்குத்தான் பயம் வராது என்று அன்றைக்கெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாயங்காலத்துக்குள் அதில் முக்கால்வாசி நம்பியும் விட்டாள். பழகிய பாசம் அப்படி.

புதன்கிழமை உத்தரவு எழுத்தில் வந்தது. பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். கூடவே அந்தத் தாளின் நகல். துணி அறையில் ஆளில்லாததால் மாஸ்க்கை இறக்கி, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு முதல்முறையாக அதைத் தெளிவாகப் பார்த்தாள். இருநூற்றுப் பதினேழு. அதன் கீழே, கடுகளவு எழுத்தில் இன்னும் ஏதோ இருந்தது. ஜன்னலருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

தேதி. தேதிக்குக் கீழே அண்ணியின் சுருக்கக் கையெழுத்து.

நர்சிங் பள்ளியில் முதல் வாரமே தலையில் ஏற்றிவிடும் பழக்கம் அது. எந்த பாட்டிலைத் திறந்தாலும், எந்த மருந்தை உடைத்தாலும், அன்றைய தேதியும் திறந்தவர் கையெழுத்தும் அதன்மேல் இருக்கவேண்டும். இருபது வருடம் செய்தால் கை தானாகச் செய்யும். அண்ணி வீட்டில் ஊறுகாய் பாட்டிலில்கூடத் தேதி போட்டிருப்பாள். அதை வைத்து எத்தனை நாள் அவளைக் கேலி செய்திருக்கிறார்கள். இந்தத் தாளிலும் கை தன் வேலையைச் செய்துவிட்டது.

தேதி, பதினொன்று. தாள் எழுதி வாங்கிய அன்றைக்கே. தையல்காரருக்குக் காய்ச்சல் வருவதற்கு நான்கு நாள் முன்னால். புகாருக்குப் பதினைந்து நாள் முன்னால். அப்போது மிரட்ட யாருமே இல்லை. அண்ணி தன் அறையில் தனியாக உட்கார்ந்து, நாற்பத்தொரு தாளில் இந்த ஒன்றைப் பிரித்தெடுத்து, எண் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறாள். ‘போதுமான அளவு உள்ளது’ என்று எழுதிய கை, இல்லை என்று எழுதக்கூடியவள் யாரென்று தெரிந்துவைத்துக்கொண்டது. ஆறடி தள்ளி உட்கார்ந்து அண்ணி சாப்பிட்ட சாப்பாடும், ‘நீயாவது’ என்ற அந்தச் சொல்லும் சோப்புக்கு ஞாபகம் வந்தன. அங்கி மூட்டையின் மேல் உட்கார்ந்து, தாள் நனையாமல் தூரப் பிடித்துக்கொண்டு அழுதாள். கையெழுத்தைப் போட்டு உத்தரவைத் திருப்பி அனுப்பினாள். வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பயிற்சி. கூட்ட அறையில் மாணவி அவள் ஒருத்திதான். சொல்லிக்கொடுப்பவள் அண்ணி. கதவைச் சாத்திவிட்டு வந்த அண்ணி, முதலில் ஒரு சின்னச் சோதனை என்று அதே நாற்பது கேள்வித் தாளை அவள்முன் வைத்தாள்.

“பேர் எழுத வேண்டாம்,” என்றாள், பழக்கதோஷத்தில்.

சோப்பு பேனாவைத் திறந்தாள். மேல்மூலையில் தன் முழுப்பெயரை எழுதினாள். பணி எண்ணை எழுதினாள். கீழே அன்றைய தேதியும் சுருக்கக் கையெழுத்தும் போட்டாள். பிறகு கேள்விகளுக்குப் போனாள். வரும் வழியில் ஆண்கள் வார்டு வாசலில் எட்டிப் பார்த்திருந்தாள். அன்று வியாழக்கிழமை, கையுறைப் பெட்டி கவிழ்ந்து கிடந்தது. பதினான்காம் கேள்வியில் ‘சில நேரங்களில்’ என்று டிக் போட்டுத் தாளை நீட்டினாள்.

அண்ணி பதினான்கைத்தான் முதலில் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

“ஏன் இப்படிப் பண்றே? ‘எப்போதும்’னு மாத்திடு. நாளைக்கே நீ வார்டுக்குப் போயிடலாம். மத்ததை நான் பாத்துக்கிறேன்.”

வார்டு. முப்பது கட்டில், அவள் கை கழுவும் குழாய், அவளுடைய மனிதர்கள். ஒரு டிக் தள்ளிப் போட்டால் போதும். சோப்புக்கு ஆசை இல்லை என்று யார் சொன்னது? பேனா இன்னும் கையில்தான் இருந்தது. அவள் அதை மூடினாள்.

“பென்சில்ல எழுதினதுக்குக் கீழ பதினொண்ணாம் தேதின்னு போட்டிருக்கு,” என்றாள். “புகார் வந்தது இருபத்தாறு.”

அண்ணியின் கண் மேல்மூலைக்குப் போனது. பெயர், எண், தேதி, கையெழுத்து. மன்னிப்பு வரும் என்று சோப்பு காத்திருந்தாளா என்று கேட்டால், காத்திருந்தாள்தான். ஒரே வாளியில் துணி துவைத்தவள் அல்லவா. வராவிட்டாலும், ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு காரணமாவது வரும் என்று நினைத்தாள்.

“உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டியா?” என்று கேட்டாள் அண்ணி.

சோப்பு எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளினாள்.

“இல்லை, சிஸ்டர்,” என்றாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது. அவளே திறந்துகொண்டு, துணி அறைக்குப் போனாள். காலைத் துணி வந்திருந்தது.