திறக்காமல் போன மூடி

…இல்லை, அப்போது வேறு வழியே இல்லை, பேட்டரியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு கருவிக்குத்தான், இரண்டில் எது என்று யாராவது சொல்லத்தானே வேண்டும், இறங்குகலத்தின் தலைவி நான்தானே… கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு கெஸீனா கட்டுப்பாட்டு அறை வாசலில் நின்றாள். உள்ளே இன்னும் கைதட்டல் ஓயவில்லை. மனிதர் செய்த ஒரு பொருள் வால்நட்சத்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, கைதட்டத்தான் வேண்டும். அது துள்ளி, உருண்டு, ஏதோ பாறை நிழலில் போய்ச் சாய்ந்து, வெயில் படாமல் பேட்டரி வற்றி, சற்று முன் குரல் அடங்கிப்போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. துளைக்கும் கருவியை ஓட்டுங்கள் என்றாள். அவளே உருவாக்கியது. சக விஞ்ஞானி ஃபோல்க்மாரின் கருவிக்கு மண்ணைத் தொடவே வேண்டாம், மூடி திறந்தால் போதும், சுற்றியுள்ள வாயுவை முகர்ந்து சொல்லிவிடும். ஆனாலும் தன்னுடையதைத்தான் சொன்னாள். அது முழு நீளமும் இறங்கிச் சுழன்று, ஒரு பொடி மண்கூட இல்லாமல் மேலே வந்தது. வெற்றிடத்தைத் துளைத்திருக்கிறது…

அந்த மூடி இனி மூடியபடியே அங்கே கிடக்கும். ஃபோல்க்மாருக்குத் தலை நரைத்ததே அந்தப் பெட்டியைச் செய்வதில்தான். ரைன் ஆற்றங்கரையில் பீர் குடிக்கும்போதெல்லாம் அவன் மனைவி கேலி செய்வாள், "இவருக்குக் கல்யாணம் ஆனது அந்தப் பெட்டியோட, நான் சும்மா வீட்டுக்குக் காவல்!" எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேனே, எப்படிச் சிரிக்க முடிந்தது… அதோ, அவனேதான் வருகிறான், ஓடிவிடலாமா, எங்கே ஓடுவது?

"என்ன கெஸீனா, கேக்குக்குக் காவலா? தின்னலைன்னா இங்க கொடு."

"ஃபோல்க்மார், நான்…"

"அட விடு. உன் இடத்துல நான் இருந்தா என் பெட்டியத்தான் ஓட்டியிருப்பேன். நீ என்கூடப் பேச்சையே நிறுத்தியிருப்ப." சிரித்தபடி அவள் தட்டிலிருந்தே பிட்டுத் தின்றான். திட்டியிருக்கலாமே, ஒரு வார்த்தை… மன்னிப்பது இவ்வளவு சுலபமா, இல்லை, மன்னிக்கவே இல்லையா? காலையில் வந்த அந்தப் படம், கலத்தின் ஒரு கால் அந்தரத்தில், துளைக்கும் பக்கம் தூக்கிக்கொண்டு… பார்த்தாள். நிழல் அப்படிக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியதா? அப்போது தோளோடு தோளாக நின்று அதே திரையைப் பார்த்தவன் இவன்.

"காலைல வந்த படம்… அந்தக் கால் தரையில இல்லன்னு உனக்குத் தெரிஞ்சுதா?"

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "தெரிஞ்சுது."

"அப்ப ஏன் சொல்லல?"

"சொன்னா, என் பெட்டிக்காகச் சொல்றேன்னு நெனச்சிருப்ப."

ஐயோ, அப்படியெல்லாம் நினைத்திருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். நினைத்திருப்பாள்.