சோதித்துப் பார்த்த எழுத்து

லிப்ட் மெக்கானிக்குக்கு மன்னிப்புக் கேட்க வராது. முப்பது வருஷக் குடித்தனத்தில் மனைவியிடமே ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. தப்பு செய்தால் அன்றைக்குக் காய்கறி நறுக்கிக் கொடுப்பார், அவ்வளவுதான். இந்த முறை காய்கறியால் தீராது. ஜப்பானில் வேலை கிடைத்த ஒரே மகளிடம், "போனா திரும்பி வராதே" என்று வாய்க்கு வந்தபடி சொல்லித் தொலைத்துவிட்டார். அவளும் அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. அவள் அறையில் பெட்டி மட்டும் நிரம்பிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விமானம்.

வாய்தான் வரவில்லை, கையாவது இருக்கிறதே என்று, அவள் ராப்பகலாய்ப் படித்த ஜப்பான் எழுத்திலேயே பச்சை குத்திக்கொள்ளப் போனார். பச்சை குத்தும் பெண் ஆல்பத்தைப் பிரித்து வைத்தாள். அன்பு, வீரம், புலி, டிராகன் எல்லாம் இருந்தன. மன்னிப்பு இல்லை.

"அதை யாரும் குத்திக்கிறதில்ல சார்," என்றாள்.

அன்பு என்றே குத்தலாமே என்று அவள் சொன்னதற்கு, அது அன்புதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். இணையத்தில் காட்டினாள். இணையத்தை யார் சோதித்தார்கள் என்றார். சரியான சந்தேகப் பிராணி. என்ன செய்வது, சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம். கயிறு நன்றாகத்தான் இருக்கும் என்று நம்புகிறவன் அந்தத் தொழிலில் நிலைக்க மாட்டான்.

மறுநாள், அவர் பராமரிக்கும் ஒரு பழைய கட்டடத்தில் விடை கிடைத்தது. அங்கே இருப்பது ஜப்பானிலிருந்து வந்த லிப்ட். கதவைத் திறக்கும் பட்டனில் ஓர் எழுத்து புடைத்துக்கொண்டு நிற்கும், இரட்டைக் கதவை வரைந்து வைத்த மாதிரி. உலகத்தில் அவருக்கு நிச்சயமாகப் பொருள் தெரிந்த ஜப்பான் எழுத்து அது ஒன்றுதான். இருந்தாலும் தொழில் தொழில்தானே. எட்டு மாடியிலும் நிறுத்தி நிறுத்தி அமுக்கிப் பார்த்தார். எட்டு முறையும் திறந்தது. கூட வந்து அகப்பட்டுக்கொண்ட பல் டாக்டர், நாலாவது மாடியில் பொறுமை இழந்து படிக்கட்டில் போய்விட்டார். மெக்கானிக் பட்டன்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, பச்சை குத்தும் பெண்ணிடம் கொண்டுபோய், மயிரிழை பிசகாமல் இப்படியே வேண்டும் என்றார். அவளும் சுற்றியிருந்த வளையம், பட்டனில் விழுந்திருந்த கீறல் எல்லாம் உட்பட அப்படியே குத்திவிட்டாள்.

சனிக்கிழமை காலை மகளின் அறை வாசலில் போய் நின்று, சட்டைக் கையை மடித்துக் காட்டினார். மகள் பார்த்தாள். சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை.

"அப்பா, இது லிப்ட் பட்டன்."

"தெரியும். நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்த எழுத்து இது ஒண்ணுதான்."

அவள் கிட்டே வந்து, கட்டைவிரலால் அதை நன்றாக அழுத்தினாள். இன்னும் ஆறாத புண். வலி உச்சந்தலைக்கு ஏறியது. அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"அமுக்கிட்டேன். திறக்கணும்ல?" என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

எந்தக் கதவாவது மூன்று விநாடி தாமதித்தால் கழற்றிப் பார்த்துவிடுகிற மனுஷன். அவருக்கே வெகுநேரம் பிடித்தது. பயமாகவும் இருந்தது.

"போனா வராதேன்னு சொன்னது தப்பும்மா," என்றார். "லீவு எப்போ விடுவாங்க?"