விரல் கனம்

வெள்ளரியைப் போல நம்மை உட்காரவிடாத சனியன் வேறில்லை. காலையில் சுண்டுவிரல் கனத்தில் இருப்பது சாயங்காலத்துக்குள் கட்டைவிரலைத் தாண்டிவிடும். ஊறுகாய்க் கம்பெனிக்கோ விரல் கனத்தில்தான் வேண்டும். அதனால் ஒரு ஏக்கர் முழுக்க நானும் என் வீட்டுக்காரரும் தினமும் இரண்டு வேளை குனிகிறோம். சோளம் போட்ட காலத்தில் சண்டை போடவாவது நேரம் இருந்தது.

கம்பெனி சூப்பர்வைசர் ஒரு இரும்பு வளையத்தோடு வருவார். அதில் நுழையாத காய் திரும்பி வரும். அவருக்கு நாங்கள் வைத்த பெயரே வளையம். ஏற்கெனவே ஒரு லோடு திரும்பியிருந்தது. இன்னொன்று திரும்பினால் அடுத்த விதைப்பில் அரை ஏக்கருக்குத்தான் ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார். அரை ஏக்கருக்கு ஒரு ஆள் போதும். இன்னொருவர் என் அண்ணன் வேலை பார்க்கும் நகரத்துக் குடோனுக்குப் போக வேண்டியதுதான். வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

அன்று மகளின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். சாயங்காலப் பறிப்பை வீட்டுக்காரரிடம் விட்டேன். ஒரு காய் விடக்கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனேன்.

மறுநாள் கொடியைத் தூக்கிப் பார்த்தேன். காய்கள் மணிக்கட்டுக் கனத்தில் தொங்கின. பெரிசைக் கழித்தால் ஒரு பெட்டிகூடத் தேறவில்லை. வேறு வழியில்லாமல் பெரிசையும் சேர்த்தே ஏற்றினோம், வளையத்தில் நுழையாமல் லோடு திரும்பியது.

கூடையை எட்டி உதைத்தேன். நேற்று தூங்கிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் காயைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"நல்லாத் திரண்டு வந்துச்சு. இன்னும் ஒரு நாள் விட்டா எப்படி இருக்கும்னு நெனச்சேன். பிஞ்சுல கை வைக்க மனசு வரல."

இருபது வருஷமாகப் சோளத்தில் பெரிய கதிர்தான் நல்ல கதிர் என்று பழகிய கை. உதைத்த கூடையை நிமிர்த்தி வைத்தேன்.

அடுத்த விதைப்பு அரை ஏக்கர்தான். குடோனுக்கு நான் போகிறேன் என்றேன். அவர் கேட்கவில்லை.

"உனக்குத்தான் இரக்கமில்லாம கை வருது. நீ இரு."

பாராட்டா, ஏச்சா, தெரியவில்லை.

பஸ் வரும் நேரமும் காலைப் பறிப்பு நேரமும் ஒன்று. பையோடு வரப்பில் நின்று, போய்வருகிறேன் என்றார்.

"இருங்க, இந்த வரிசைய முடிச்சிட்டு வந்துடறேன்" என்றேன்.

முடித்துவிட்டு நிமிர்ந்தேன். வரப்பில் யாருமில்லை.