முள் ஏறியது

என் வீட்டுக்காரர் காரின் பின் சீட்டைக் கழற்றி ஹால் நடுவில் போட்டுவிட்டு, வண்டிக்குள் குப்புறக் கிடந்தார். கதவுக்கு வெளியே கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. காப்பீட்டு அலுவலகத்தில் துணை மேலாளராக இருக்கும் மனிதருக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோ பார்த்து மோட்டார் ஞானம் பிறந்திருந்தது.

எங்கள் பழைய காரில் பெட்ரோல் முள் பல மாதங்களாகக் காலியிலேயே படுத்துக் கிடந்தது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. டாங்க் நிரப்பும்போதெல்லாம் கிலோமீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, முந்நூறு ஓடியதும் மறுபடி நிரப்பிவிடுவேன். டாங்குக்குள் இருக்கும் மிதவை ஓட்டையாகி முங்கியிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொன்னதை இவரிடம் சொல்லியும் பார்த்தேன். "அவன் ஆயிரம் சொல்லுவான். உனக்கு இதெல்லாம் புரியாது" என்றார்.

"சாவியைப் போடு" என்று வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. போட்டேன். டாங்கிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கி வண்டியின் இரும்பில் தொட்டார். முள் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, மேல் கோட்டில் போய் நின்றது. முள் நன்றாக இருக்கிறது, கோளாறு டாங்குக்குள்தான் என்று தெரிந்துகொள்ள மெக்கானிக்குகள் செய்யும் சோதனை அது. இவர் சோதனையையே வைத்தியமாக்கிவிட்டார். ஒயரை அப்படியே இரும்போடு வைத்து டேப்பைச் சுற்றினார்.

"இப்படியே விட்டா எப்பவும் ஃபுல்லுனுதாங்க காட்டும்."

"காட்டினா உனக்கென்ன கஷ்டம்?"

"எம்புள்ள கை வெச்சா சரியாகாம போகுமா" என்றார் வாசலில் நின்ற மாமியார். நான் வாயை மூடிக்கொண்டேன். இந்த வீட்டில் என் வாய்க்கு இருக்கும் முக்கியமான வேலை அதுதான்.

அந்த வாரக் கடைசியில் என் தங்கை வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஒப்பந்தம் முடியும்வரை, வருடக்கணக்கில், ஊர் திரும்ப முடியாது. அம்மா போன பிறகு தலை வாரிவிட்டு அவளைப் பள்ளிக்கு அனுப்பியவள் நான். அவள் தன் விடுதியிலிருந்து நேராக விமான நிலையத்துக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள்; வழியனுப்ப நான், இவர், மாமியார் மூன்று பேரும் காரில் புறப்பட்டோம். இவர்தான் ஓட்டினார். கிலோமீட்டர் முந்நூறைத் தாண்டி வெகுநேரமாகியிருந்தது. பெட்ரோல் பங்க் வந்ததும் சொன்னேன்.

"முள்ளை நம்புவியா, உன் மனக்கணக்கை நம்புவியா?" என்றார். வண்டி பங்கைத் தாண்டிப் போனது.

புறவழிச்சாலையில், நிழலே இல்லாத ஓர் இடத்தில், வண்டி இருமி நின்றது. இவர் பானெட்டைத் திறந்து, நோயாளியைப் பார்க்கும் டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார்.

"பம்ப் போயிருக்கு."

"பெட்ரோல் தீர்ந்திருக்குங்க."

"ஃபுல்லுனு காட்டுது. கண்ணு தெரியலையா?"

"அந்த ஒயரைக் கட்டினதே நீங்கதானே."

"நாலு பேர் போற ரோட்டுல புருஷன்கிட்ட வாதாடாதே" என்றார் மாமியார்.

இவர் பொய் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் மதிப்பு மிஞ்சியிருக்கும். தான் கட்டிய ஒயரைத் தானே மனசார நம்பினார். இதற்கு மேல் கோபப்பட என்ன இருக்கிறது? கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி, பின்னால் வந்த தண்ணீர் கேன் வேனைக் கைகாட்டி நிறுத்தினேன். விமான நிலையம் வழியாகத்தான் போவதாகச் சொன்ன டிரைவர், சீட்டில் கிடந்த துண்டை எடுத்துவிட்டு "ஏறுங்கக்கா" என்றார்.

"எங்க போறே? ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

"பண்ணுங்க."

விமான நிலைய வாசலில் தங்கை கடைசி ஆளாக எனக்காக நின்றிருந்தாள். "அத்தான் வரலையா?"

"வண்டியை ரிப்பேர் பண்றார்."

அவள் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். "நீ எப்படிக்கா அங்க இருக்கே?"

"உள்ள கூப்பிடறாங்க பாரு. போ."

கட்டிக்கொண்டாள். அவள் தோள் என் தோளைவிட உயரமாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். பிறகு கண்ணாடிக் கதவு அவளை வாங்கிக்கொண்டது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது போனில் ஒரு படம் வந்து விழுந்தது. கூடவே "பம்ப்பைக் கழட்டியாச்சு" என்று ஒரு வரி. சாலையோரம் விரித்த துண்டில் திருகாணிகள் அழகாக வரிசைகட்டிக் கிடந்தன. பக்கத்தில் மாமியார் உச்சி வெயிலில் கண்களைச் சுருக்கிக்கொண்டு, தன் குடையைத் திறந்த எஞ்சினுக்கு மேலே பிடித்தபடி நின்றிருந்தார்.