அடுத்த படகில் பிரவீனா

"உங்கப்பாகிட்ட சொல்லு, அந்தத் தொப்பி வார இறுக்கிக் கட்டச் சொல்லு. அறுபத்திமூணு வயசாச்சு, ஒரு வார் மாட்டத் தெரியல."

ராஜம்மா இதைச் சொன்னபோது காளியப்பன் அவளுக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார். காது நன்றாகக் கேட்கும் மனிதர். இருந்தாலும் தலைக்கவசத்தைத் தொடாமல் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். செய்தி வர வேண்டிய வழியாக வரட்டும் என்பதுபோல.

"அப்பா, வார் தளர்வா இருக்காம். கொஞ்சம் இறுக்கிக்கங்க," என்றாள் பிரவீனா.

"இறுக்குனா கழுத்து அறுக்குதுன்னு சொல்லு. கட்டிப் பாத்தவங்களுக்குத் தெரியும்."

"அவருக்கு இப்படியே வசதியா இருக்காம்மா."

வயதைக் குத்தியதும் போயிற்று, கழுத்து அறுத்ததும் போயிற்று. ஒன்பது வருடமாக பிரவீனா செய்யும் வேலை இது. இந்தப் பக்கம் வாங்கி, மீனுக்கு முள் எடுப்பதுபோல் எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் கொடுப்பாள். அவளுக்கு இப்போது முப்பது வயது.

சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் யாராவது நடுவில் புகுந்து தீர்த்து வைத்திருக்கலாம். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் சிம்பாங் ரெங்கத்திலிருந்து ராஜம்மாவின் அண்ணன் போன் செய்தார். அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது, உன்னைக் கேட்கிறார் என்றார். காளியப்பன் அப்போது பாசிர் கூடாங் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். கம்பெனி பஸ் முனைக்கு வந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "இன்னைக்கு ஆளில்ல, ரெண்டு ஷிப்ட் பாக்கணும். நாளைக்குப் போலாம்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். ராஜம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பிரவீனா மலாக்காவில் தாதிப் படிப்பில் இருந்தாள். விடிவதற்குள் பாட்டி பேச்சியம்மாள் போய்விட்டார்.

மறுநாள் சாவு வீட்டில் ராஜம்மா மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பா டீ குடிக்கிறாரான்னு கேளு," என்றாள். அதுதான் முதல் 'கேளு'. கூட்டத்தில் யார் அதைக் கவனித்தார்கள்? பதினாறாம் நாளும் கேளு, வீட்டுக்குத் திரும்பிய பிறகும் கேளு. காளியப்பனும் ஏன் என்று கேட்கவில்லை. தெரிந்ததால்தான் கேட்கவில்லையோ என்னவோ. அவரும் 'அம்மாகிட்ட சொல்லு' என்று தொடங்கிவிட்டார்.

மூவருமாக இந்தக் காட்டாற்றங்கரையில் வந்து நிற்பதற்கு ஒரு காரணம் இருந்தது. டப்ளினில் ஒரு மருத்துவமனை பிரவீனாவுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்னால் லண்டனிலிருந்து வந்ததை வீட்டில் சொல்லாமலே வேண்டாம் என்று எழுதிவிட்டாள். நான் போய்விட்டால் இவர்கள் எப்படிச் சோறு கேட்பார்கள், எப்படி மாத்திரை கேட்பார்கள்? இந்தத் தடவை தனக்குள் ஒரு பந்தயம் கட்டிக்கொண்டாள். தொழிலாளர் தின விடுமுறைக்கு இருவரையும் எங்காவது கூட்டிப் போவது. அன்றைக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவர் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போவது. பேசாவிட்டால் இருப்பது.

காஹாங்குக்கு உள்ளே ரப்பர் படகில் ஆற்றோடு கூட்டிப் போகிறார்கள், சேர்ந்து துடுப்புப் போட்டால்தான் படகு நேராகப் போகும் என்று கூட வேலை செய்யும் தாதி ஒருத்தி சொன்னாள். அப்பாவுக்கு ஆசையாம் என்று அம்மாவிடமும், அம்மாவுக்கு ஆசையாம் என்று அப்பாவிடமும் சொல்லிக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டாள்.

வழிகாட்டியின் பெயர் அவாங். அந்தப் பக்கத்துக் காட்டின் பூர்வகுடி, அஸ்லி ஆள், நாற்பது வயதிருக்கும். வந்தவர்களை எல்லாம் ஒருமுறை ஏற இறங்கப் பார்த்து, யார் எவ்வளவு கனம் என்று கண்ணாலேயே எடை போட்டான்.

"அங்கிள் ஆன்ட்டி என் படகு. அங்கிள் இந்தப் பக்கம், ஆன்ட்டி அந்தப் பக்கம். முன்னால இந்த ரெண்டு பெரிய ஆளு. நீ பின்னால படகு."

"இல்ல, நான் அவங்ககூட இருக்கணும்," என்றாள் பிரவீனா.

"கனம் சரியா வராதுலா. ஏன், அவங்களுக்குக் காது கேக்காதா?"

"கேக்கும்."

"வாய்?"

"பேசுவாங்க."

"அப்புறம் என்ன?"

ராஜம்மாவுக்கு ஆச்சரியம். "தம்பி, நீ தமிழ் எங்க படிச்சப்பா?"

"பத்து வருசம் செம்பனைத் தோட்டத்துல வேல ஆன்ட்டி. வேல வாங்குற மண்டோர் தமிழ் ஆளு. ஏச்சு எல்லாம் நல்லா தெரியும். நல்ல வார்த்தை கொஞ்சம் கம்மி."

துடுப்பைப் பிடிக்கும் முறை சொன்னான். முன்னால் என்றால் முன்னால் தள்ளணும், பின்னால் என்றால் பின்னால் இழுக்கணும், துண்டோக் என்றால் துடுப்பை மடியில் வைத்துக் குனிந்துவிடணும். விழுந்தால் மல்லாந்து, கால் முன்னால் இருக்கட்டும். பயப்படக் கூடாது, போட்டிருக்கும் மிதவைச் சட்டை தாங்கிக்கொள்ளும்.

படகுகள் கிளம்பின. பிரவீனாவின் பக்கத்தில் செனாய் தொழிற்சாலையில் வேலை செய்யும் தேன்மொழி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். வாய் ஓயாத பெண். பிரவீனாவின் கண் முன்னால் போகும் படகை விட்டு நகரவில்லை. அம்மா அப்பாவின் இரண்டு சிவப்புத் தலைக்கவசங்கள், நடுவில் இரண்டு முழம் இடைவெளி. தண்ணீரின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் வாய் அசைவது தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அப்பாவின் வாய் அசைந்தது. மறுபடி அம்மா. துடுப்புகள் சேர்ந்து இறங்கிச் சேர்ந்து எழுந்தன.

"அக்கா, அது உங்க அம்மா அப்பாவா? நல்ல ஜோடிலா. எப்பப் பாரு பேசிக்கிட்டே போறாங்க. எங்க வீட்டுலயும் இருக்காங்களே, டிவிகிட்டதான் பேசுவாங்க."

"பேசுறாங்கதானே? உங்களுக்கும் அப்படித்தானே தெரியுது?"

"அதான் பாக்குறோமே."

இவ்வளவுதானா? ஒரு படகு தள்ளி உட்கார்ந்தால் போதுமா? ஒன்பது வருடம் நான்தான் நடுவில் நந்தியாக நின்றேனா?

மூன்றாவது பாறைச் சரிவில் முன்படகு ஒரு பக்கமாகத் தூக்கியது. "துண்டோக்" என்று அவாங் கத்துவது இங்கே வரைக்கும் கேட்டது. படகு நேரானபோது அந்த இரண்டில் ஒரு சிவப்புத் தலைதான் இருந்தது. காளியப்பன் தண்ணீரில். பிரவீனா எழுந்துவிடப் பார்த்தாள், தேன்மொழி சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். அம்மா துடுப்பைப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் தாவுவதும், பாதி உடம்பு வெளியே தொங்க, அப்பாவின் சட்டைத் தோள்பட்டையை இரண்டு கையாலும் பற்றி இழுப்பதும் தெரிந்தது. அவளுடைய வாய் அகலத் திறந்து எதையோ கூப்பிட்டது. அவாங்கும் சேர்ந்து பிடிக்க, மூட்டைபோல அவர் படகுக்குள் வந்து விழுந்தார்.

கூப்பிட்டுவிட்டாள். அம்மா அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். பிரவீனா முகத்தைத் துடைத்தாள். ஆற்றுத்தண்ணீர்தான் என்று தேன்மொழி நினைத்திருப்பாள்.

கீழே ஆறு அகன்று நின்ற இடத்தில் ஒரு மணல்திட்டு. அங்கே படகுகளை இழுத்துப் போட்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் கொடுத்தார்கள். பிரவீனா மணலில் ஓடினாள். பக்கத்தில் போகப் போக அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, அவர்கிட்ட சொல்லு. மூக்கச் சிந்தச் சொல்லு. தண்ணி ஏறியிருக்கும்."

அவாங் வாய் நிறையச் சோற்றோடு மறுபக்கம் திரும்பினான். "அங்கிள், மூக்கு சிந்து."

காளியப்பன் சிந்தினார்.

பிரவீனா நின்ற இடத்திலேயே நின்றாள். அவாங் அவளைப் பார்த்துச் சிரித்தான். "அப்பா நல்ல கனம். ஆன்ட்டி பயந்துட்டாங்க. 'தம்பி, அவரப் புடி, அவரப் புடி'ன்னு என்னையே கூப்பிடுறாங்க. ஆனா நான் வர்றதுக்கு முன்ன அவங்களே புடிச்சுட்டாங்க."

அம்மா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "எருமை மாதிரி கனக்கிறாருன்னு சொல்லு தம்பி. அடுத்த தடவ விழுந்தா நான் விட்டுருவேன், அப்படியே கடலுக்குப் போயிரட்டும்."

பிரவீனாவாக இருந்தால் 'பாத்து உக்காருவீங்களாம்ப்பா' என்று கொண்டுபோய்க் கொடுத்திருப்பாள். அவாங்குக்கு முள் எடுக்கத் தெரியாது.

"அங்கிள், நீ எருமையாம். கனமாம். அடுத்த தடவ விட்டுருவாங்களாம். நீ கடலுக்குப் போயிரு."

காளியப்பன் முகம் ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "ஆன்ட்டிகிட்ட சொல்லு, எருமைக்கு நீந்தத் தெரியும். புடிச்ச ஆளுக்குத்தான் தெரியாது."

"ஆன்ட்டி, எருமை நீந்துமாம். உனக்குத் தெரியாதாம்."

ராஜம்மா ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அம்மா சிரிக்கிறாள் என்று புரிய பிரவீனாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதைப் பார்த்து எத்தனை காலம். தான் கொண்டுபோய்க் கொடுத்த எதற்கும் இவர்கள் சிரித்ததில்லை. முள்ளோடு ருசியையும் எடுத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்னொரு நினைப்பும் கூடவே வந்தது, அதுதான் சுட்டது. நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று லண்டனை விட்டேன். ஒரு காலை நேரத்தில், நூறு வார்த்தைத் தமிழ் தெரிந்த ஒரு படகுக்காரன் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டான்.

பொட்டலத்தைப் பிரிக்காமல் தண்ணீரோரம் போய் உட்கார்ந்தாள். அவாங் துடுப்பு கழுவ வந்தான்.

"நல்லவங்கதான்லா உங்க அம்மா அப்பா. எதுக்கு நடுவுல ஆளு?"

"பழக்கம்."

"வீட்டுல அது உன் வேலையா?"

"ஆமா."

"அப்ப வேலய விட்டு நின்னுரு," என்றான் அவன், ஏதோ ஓவர் டைம் வேண்டாம் என்று சொல்வதுபோல.

திரும்பும்போது பிரவீனா கார் ஓட்டினாள். அம்மா முன்னால், அப்பா பின்னால், எப்போதும்போல. குளுவாங் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறியதும் சொன்னாள். "ரெண்டு பேருக்கும் சேத்து ஒண்ணு சொல்றேன். எனக்கு டப்ளின்ல வேல கெடச்சிருக்கு. நாளைக்குப் பதில் சொல்லணும்."

கொஞ்ச தூரம் போயிற்று.

"அம்மா என்ன சொல்றாங்கன்னு கேளு," என்றார் காளியப்பன்.

"உங்கப்பாவுக்குச் சம்மதமான்னு கேளு," என்றாள் ராஜம்மா.

"நான் கேக்க மாட்டேன். இனிமே யாரையும் எதுவும் கேக்க மாட்டேன்."

இரண்டு பக்கமும் செம்பனை ஓடியது. சிம்பாங் ரெங்கம் ஐந்து கிலோமீட்டர் என்று பச்சைப் பலகை வந்தது. பேச்சியம்மாளை அடக்கம் செய்த இடம் அங்கேதான். வருடா வருடம் திதிக்குப் பிரவீனாதான் அம்மாவைக் கூட்டிப்போவாள். அப்பா வருகிறேன் என்று சொன்னதில்லை. அம்மாவும் வாங்க என்று சொல்லச் சொன்னதில்லை.

"பிரவீ," என்றார் காளியப்பன் பின்னாலிருந்து. குரல் கம்மியிருந்தது. ஆற்றுத்தண்ணீர் குடித்ததாலோ என்னவோ. "சிம்பாங் ரெங்கம் வருது. இறங்கிப் போயி அவங்கம்மாவப் பாத்துட்டுப் போலாமான்னு கேளு. நானும் வரேன்னு சொல்லு."

ஒன்பது வருடத்தில் அவர் கேட்காதது. கேட்டுவிடலாம், ஒரே ஒரு தடவைதானே. கேட்டால் நாளைக்கும் கேட்க வேண்டும்.

"அம்மா இங்கதான்ப்பா உக்காந்திருக்காங்க. நீங்களே கேளுங்க."

இரண்டு கிலோமீட்டர். பிரவீனா இடது தடத்துக்கு வந்தாள், சிக்னல் போட்டாள். டிக், டிக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கிலோமீட்டர். ராஜம்மா மடியில் இருந்த ஈரத் துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். காளியப்பன் தொண்டையைச் செருமினார். ஐந்நூறு மீட்டர். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. இறங்கும் பாதை பக்கத்தில் வந்தது, கொஞ்ச தூரம் கூடவே ஓடியது, பிறகு பிரிந்து மேலேறிப் போய்விட்டது.

பிரவீனா சிக்னலை அணைத்தாள்.

"நாளைக்குப் போலாம்னு சொன்னீங்க."

யார் யாரிடம் சொன்னது என்று பிரவீனாவுக்கு உடனே பிடிபடவில்லை. அம்மா தலையைத் திருப்பவில்லை, முன்கண்ணாடியைப் பார்த்துதான் சொன்னாள்.

"ஆமா," என்றார் காளியப்பன். கொஞ்சம் பொறுத்து, "சொன்னேன்."

"ராத்திரி முழுக்க எங்கம்மா வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் 'ராஜம்மாவா'ன்னு கேட்டாங்களாம்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"உங்கண்ணன். அன்னைக்குத் தோள் கொடுக்குறப்பவே சொல்லிட்டாரு."

ஒன்பது வருடமும் இது தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ராஜம்மா நினைத்திருந்தாள்.

பிரவீனாவின் நாக்கு பழக்கத்தில் துடித்தது. அம்மா அந்த அர்த்தத்துல சொல்லலப்பா, அப்பாவுக்கும் வருத்தந்தாம்மா என்று நடுவில் வைக்க நூறு வார்த்தை இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கேட்டது ஒரு வார்த்தை, கிடைத்துவிட்டது. வருகிறேன் என்று நாளைக்கு டப்ளினுக்கு எழுதிவிடலாம். இப்படிப்பட்ட வார்த்தையாக இருக்கும் என்று மட்டும் அவள் பந்தயம் கட்டவில்லை. அவள் போன பிறகு அந்த வீட்டில் இவர்கள் இருவரும் இருப்பார்கள், கூடவே இதுவும் இருக்கும். முள் எடுக்க ஆளிருக்காது.

செடெனாக் ஊர்ப் பலகை கடந்து போயிற்று. ராஜம்மா மடித்த துண்டைத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டினாள். காளியப்பன் வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். வைத்தவர் எடுக்கவில்லை. அவர் தோள் அசைவது பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்தது.

பிரவீனா கையை நீட்டி அந்தக் கண்ணாடியை மேல்நோக்கித் திருப்பி வைத்தாள். கூலாய் வரைக்கும் அதில் காரின் கூரை மட்டும் தெரிந்துகொண்டு வந்தது.